சானல் கரையில் நடை... சர்க்கரைக்குத் தடை!

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொன்னதும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து பாய்ந்து வரும் முதல் கேள்வி, "எங்கே போய் நடக்கிறது டாக்டர்?" என்பதுதான். பட்டணத்துக்காரர்களுக்கு, பக்கத்தில் பார்க் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், இனயம், தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்து மக்களுக்கோ வேறு கவலை.

"ரோட்டுல எறங்கினா டெம்போகாரன் இடிச்சிட்டுப் போயிருவான் டாக்டரே! கடப்புறத்துல நடந்தா மணலு காலைப் புடிச்சு இழுக்கு. வீட்டு முற்றத்தையே எத்தன தடவ சுத்தி வாறது?"

நியாயமான கேள்விதான். ஆனால், இப்படிக் கேட்பவர்களில் பலருடைய வீட்டுக்குப் பின்னாலேயே 160 வருஷத்துக்கு மேலான ஒரு கரை கிடக்கிறது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. பஸ் இல்லை, லாரி இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தென்னை. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைப் பையை வீசிவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

அதுதான் ஏ.வி.எம். சானல்.

மகாராஜா வெட்டிய தண்ணீர்ப் பாதை

ஏ.வி.எம். என்றதும் சினிமாக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள்! அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்பதன் சுருக்கம் அது. அனந்தன் என்பது திருவனந்தபுரத்தில் பள்ளி கொண்ட பெருமாள். விக்டோரியா என்பது அன்றைய இங்கிலாந்து மகாராணி. மார்த்தாண்டம் என்பது திருவிதாங்கூரை ஆண்ட உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. அவருடைய காலத்தில், 1860-ல் வேலை ஆரம்பமானது.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது திட்டம். கன்னியாகுமரி வரை அது வந்து சேரவில்லை. பூவாறில் தொடங்கி நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், தேங்காப்பட்டணம், இனயம், குளச்சல் என்று கடலை ஒட்டியே வந்து மண்டைக்காட்டுப் பக்கம் நின்றுபோனது. ஆனாலும் வெட்டிய வரைக்கும் அது உழைத்தது. தேங்காய், கொப்பரை, கயிறு, உப்பு, ஓடு என்று சரக்குகளும் ஆட்களும் வள்ளத்தில் போய் வந்தார்கள். கடல் கொந்தளிக்கும் ஆடி மாதத்திலும் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும்.

பிறகு ரோடு வந்தது, லாரி வந்தது. வள்ளம் கரையேறியது. 1956 நவம்பர் 1-ம் தேதி இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, சானலும் இரண்டு மாநிலங்களுக்குப் பங்காகிப் போனது. இன்று சில இடங்களில் தண்ணீர் இருக்கிறது. சில இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. சில இடங்களில், 'இங்கேயா சானல் இருந்தது?' என்று கேட்கும்படி வீடும் சுவரும் எழும்பிவிட்டன.

நடந்தே திரித்த கயிறு!

இந்தத் தண்ணீரை நம்பி இந்தக் கரையில் ஒரு பெரிய தொழில் நடந்தது. கயிறுத் தொழில். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தேங்காய் உரித்த கதம்பையை உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த நீரில் அமிழ்த்தி, மேலே சேறு போட்டு மூடிவிடுவார்கள். ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அது அழுக வேண்டும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையைத் தின்று தீர்த்துவிடும். அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. பிறகு பெண்கள் கதம்பையை வெளியே எடுத்து, மரக்கட்டையால் அடித்துத் தும்பு பிரிப்பார்கள். வெயிலில் உலர்த்துவார்கள். அப்புறம் ராட்டு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒருவர் ராட்டைச் சுற்றுவார். கயிறு திரிப்பவர் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு, விரலால் தும்பை விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து போவார். கயிறு நீள நீள நடையும் நீளும். ஒரு இழை முடிந்ததும் திரும்ப ராட்டுக்கு வர வேண்டும். மறுபடியும் பின்னால் நடை. காலையிலிருந்து சாயந்திரம் வரை இதுதான் வேலை. அந்தக் காலத்துப் பெண்கள் 'வாக்கிங்' என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. ஆனால், அவர்கள் திரித்த ஒவ்வொரு முழக் கயிறும் அவர்கள் நடந்த ஒரு முழ நடை!

அந்தக் கயிறு கப்பலேறி ஐரோப்பா போனது. போன இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியல் நிபுணர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைய காஸ் விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்ததற்கு ஆரம்பம் அதுதான். ஒரு பெரிய கனிமத் தொழிலுக்கே துப்புக் கொடுத்தது நம் ஊர்க் கயிறு!

வேலை நின்றது... சாப்பாடு நிற்கவில்லை!

இயந்திரம் வந்த பிறகு கதம்பையை மாதக்கணக்கில் அழுகப்போட வேண்டிய அவசியம் குறைந்தது. பிளாஸ்டிக் கயிறு சந்தையைப் பிடித்துக்கொண்டது. இன்றும் அங்கங்கே ராட்டு சுழல்கிறது. ஆனால், வீட்டுக்கு வீடு சுழன்ற காலம் போய்விட்டது.

நாற்றத்திலும் சேற்றிலும் நின்று முதுகொடிந்த அந்தப் பிழைப்பு திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு மருத்துவனாக ஒன்றைக் கவனிக்கிறேன். வேலை நின்றுபோனது. சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும், தேங்காய் அரைத்த அவியலும், ஒரு கும்பா சம்பா அரிசிச் சோறும் நாள் முழுக்க ராட்டோடு நடந்த உடம்புக்காக ஏற்பட்ட சாப்பாடு. இன்று அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சர்க்கரை எங்கே போகும்?

ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "ராட்டு சுத்துன காலத்துல எனக்கு ஒரு சீக்கும் கிடையாது பாத்துக்கிடுங்க. மகன் வெளிநாடு போய் நல்லா சம்பாதிச்சு, 'அம்மா சும்மா இரி'ன்னான். சும்மா இருந்தேன். சுகர் வந்துட்டு!"

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர். பக்கத்தில் இருக்கும் கேரளாவிலோ 25-க்கு மேல். சாப்பாட்டிலும் பழக்கத்திலும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி கேரளாவுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

நெய்தல் நிலமும் உடம்பும்

சித்த மருத்துவத்தில் நிலத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் வழக்கம் உண்டு. மருத நிலத்தை நோய் அண்டாத நிலம் என்றும், நெய்தல் நிலத்தை நோய் தங்கும் நிலம் என்றும் நம் நூல்கள் வைத்திருக்கின்றன. உடம்பு கனப்பது, உள்ளுறுப்பு வீங்குவது, குடல் இறங்குவது இவையெல்லாம் நெய்தலுக்குச் சொன்ன குறைகள். ஈரக் காற்றும் உப்பும் உள்ள ஊரில் உடம்பு அசையாமல் கிடந்தால் கபமும் வாதமும் சேர்ந்து கெடும்.

அதற்கு மாற்று என்ன? சாப்பிட்ட பிறகு சிறிது தூரம் நடப்பதை, தேரையர் தம் நோயணுகா விதியில் ஒரு விதியாகவே சேர்த்திருக்கிறார். இன்றைய ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சுருங்கி விரிகின்றன. அப்போது, இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே அவை ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷ மெதுவான நடைக்கே பலன் உண்டு. கெண்டைக்கால் தசை, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிக் கொடுக்கவும் செய்கிறது. இரண்டாவது இதயம் என்று அதற்குப் பெயர்!

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் நடமாட்டம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி. அவ்வளவுதான்.

கடற்கரை மணலில் நடந்தால் என்ன என்று கேட்பீர்கள். இளைஞர்களுக்கு நல்லது. ஆனால், மணலில் கால் புதைவதால் சாதாரண நடையைவிட அதிக சக்தி செலவாகும். இதய நோயாளிகளுக்கு மூச்சு வாங்கும். மேலும் கடற்கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நடந்தால் ஒரு காலுக்குப் பாரம் கூடி, முட்டு வலியும் இடுப்பு வலியும் வரும். கால்வாய்க் கரையோ தண்ணீர் மட்டத்துக்கு ஏற்ப வெட்டியது. ஏற்ற இறக்கமே இல்லை. முட்டு தேய்ந்தவர்களுக்கும், பிரஷர் உள்ளவர்களுக்கும் இதைவிட நல்ல தரை கிடைக்காது.

வாருங்கள், நடப்போம்!

இனயத்திலிருந்து மேற்கே புறப்படுங்கள். காலை ஆறு மணி சரியான நேரம். இடது கைப்பக்கம் வீடுகளுக்கு அப்பால் கடல் சத்தம். வலது கைப்பக்கம் தென்னந்தோப்பு. இனயம் புத்தன்துறை, இராமன்துறை, முள்ளூர்துறை என்று துறை துறையாகக் கடந்தால் தேங்காப்பட்டணம். அங்கே குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. இது கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வரும் நம் ஊர் ஆறு.) கதம்பை அழுகுவதற்கு வேண்டிய கலப்புத் தண்ணீரைக் கொடுத்ததும் இப்படிப்பட்ட முகத்துவாரம்தான்.

கிழக்கே போக விரும்புகிறவர்களுக்கு மிடாலம், குறும்பனை, வாணியக்குடி, கொடிமுனை வழியாகக் குளச்சல் இருக்கிறது. 1741-ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த அதே குளச்சல்தான்.

கரை நெடுக ஒரே பாதையாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அங்கங்கே அறுந்து போயிருக்கிறது. நடக்க முடிகிற துண்டைக் கண்டுபிடித்து, அதிலேயே போய் வாருங்கள். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டு அரை மணி, முக்கால் மணி வரை வரலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்!

கரையோர வைத்தியசாலை

கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் கரையே ஒரு மருந்துக் கடைதான்.

நீர்முள்ளி: ஈரக் கரையில் முள்ளோடு, நீலப் பூவோடு நிற்கும். சிறுநீரைப் பெருக்கும். கால் வீக்கத்துக்கு நாங்கள் கொடுக்கும் குடிநீரில் சேரும்.

பொடுதலை: தரையோடு படரும். இதன் சாறு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் பொடுகுக்கு நல்லது.

நொச்சி: தலைபாரம், நீர்க்கோவைக்கு இதன் இலையைப் போட்டு ஆவி பிடிக்கலாம்.

புன்னை: விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் மூட்டு வலிக்கு வெளியே பூச மட்டும். அந்தக் காலத்தில் விளக்கெரித்ததும் இதை வைத்துத்தான்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. சாக்கடை கலக்கும் இடத்தில் நிற்கும் செடியைப் பறித்து உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். தண்ணீரில் உள்ள அசுத்தத்தைச் செடியும் உறிஞ்சும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தக் குடிநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மருந்தைச் சுத்தமான இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்கும் முன் கவனியுங்கள்

* சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது, சிப்பி கீறியதும் தெரியாது. மூடிய கான்வாஸ் ஷூ, பருத்திக் காலுறை போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போகாதீர்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டு வந்தால் உடனே உட்கார்ந்து மிட்டாயை வாயில் போடுங்கள்.

* நெஞ்சு இறுக்கம், இடது தோள் வலி, தாடை வலி வந்தால் 'வாய்வு' என்று சொல்லிக்கொண்டு நடையைத் தொடராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர், சிறு புண் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். மழைக்காலத்தில் கரை வழுக்கும். அந்த மாதங்களில் வீட்டு வராந்தாவே போதும்.

* சாயந்திரம் கொசு. ஆகாயத்தாமரை, ஆகாசத்தாமரை வகைச் செடிகளின் வேரைப் பிடித்துக்கொண்டே வளரும் ஒரு வகைக் கொசு உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று. ஆகவே காலை நடையே நல்லது.

* பெண்கள் மூன்று நான்கு பேராகப் போங்கள். பேச்சுத் துணையும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

"கரிமணல் இருக்கிற ஊராச்சே, நடந்தால் கேன்சர் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இதே போன்ற மணல் உள்ள கேரளாவின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வு காணவில்லை. மணல் எடுப்பது பற்றிய வழக்கு வேறு, வாதம் வேறு. காலை நடைக்கு அது தடையல்ல.

கரை பிழைத்தால் நாமும் பிழைப்போம்

இந்தச் சானலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அதில் அர்த்தம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலையடுத்த கொட்டில்பாட்டில், முன்னால் கடலும் பின்னால் கால்வாயுமாக நடுவில் அகப்பட்டு மடிந்தவர்கள் பலர். அந்தக் குடும்பங்களின் வேதனை இன்றும் ஆறவில்லை. தூர்ந்து, புதர் மூடி, எங்கே தரை எங்கே தண்ணீர் என்று தெரியாத கால்வாய் எப்போதுமே ஆபத்துதான். தெளிந்த கரையும், கடந்து ஓட நல்ல பாலங்களும், தினம் நடமாட்டமும் இருந்தால் ஆபத்துக் காலத்தில் வழி தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள்? இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோக 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைத் திறந்தார்கள். படகை இழுக்கக் குதிரைகள் நடந்த கரையில் இன்று மனிதர்கள் நடக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1825-ல் திறந்த லஷீன் கால்வாயைச் சுற்றி ஆலைகளாக இருந்தது. 1970-ல் கப்பல் போக்குவரத்து நின்றது. இன்று அதன் கரை நெடுக நடையும் சைக்கிளும்தான். ஆலை மூடிய ஊர், கரையை மூடவில்லை!

நம்மிடமும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த தேசிய நீர்வழிச் சட்டத்தில் பூவாறு கடற்கரை முதல் இரயுமன்துறை வரையிலான 11 கிலோமீட்டர் ஏ.வி.எம். கால்வாய், 13-ம் எண் தேசிய நீர்வழியாக இடம்பெற்றது. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை என்றது. பட்டியலில் எந்தப் பாதை இருந்தால் என்ன? உங்கள் ஊர்த் துண்டை நீங்களே ஒரு நடைபாதை ஆக்கலாம்.

கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்திலும், பங்குப் பேரவையிலும், கோயில் கமிட்டியிலும் சொல்லுங்கள். அரைக் கிலோமீட்டர் புதர் வெட்டி, நாலு விளக்கு போட்டு, குப்பை போடுவதை நிறுத்தினால் போதும். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் குப்பை கொட்ட எவருக்கும் கை கூசும். பத்துப் பேர் தினம் காலையில் நடந்தால் அதைவிடப் பெரிய காவல் வேறு எதுவும் இல்லை.

ரத்தம் ஓடாத இடத்தில் கட்டி வரும். நீர் ஓடாத இடத்தில் கொசு வரும். உடம்புக்குச் சொல்கிற வைத்தியத்தைத்தான் ஊருக்கும் சொல்கிறேன்.

நாளைக் காலை அலாரத்தை ஆறு மணிக்கு வையுங்கள். ஷூவை வாசலில் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நடையை மட்டும் நிறுத்தாதீர்கள்!